ரெப்ளிகா ஸ்போர்ட்ஸ் கார்: முன் சஸ்பென்ஷனில் முதலில் எதை மாற்ற வேண்டும்?

வண்டலூரில் தொடங்கும் சென்னை வெளிவட்டச் சாலை, சுமார் 60 கி.மீ. ஓடி மீஞ்சூரில் முடிகிறது. வண்டலூரில்தான் ‘ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்’ நிறுவனம் 1960-களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. மறுமுனையான மீஞ்சூர், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் பாதை. அந்த லாரிகளுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டினால், அதன் முன் சஸ்பென்ஷன் எந்த நிலையில் இருக்கிறது என்று சீக்கிரமே தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஹெரால்டுக்கு என்ன வேலை? இருக்கிறது. உலகம் முழுக்க ஓடும் பல ரெப்ளிகா ஸ்போர்ட்ஸ் கார்களின் முன் சக்கரங்களைத் தாங்குவது அந்தக் குடும்பக் காரின் பாகம்தான்.

குடும்பக் காரிலிருந்து ஸ்போர்ட்ஸ் காருக்கு

ட்ரையம்ப் ஹெரால்டு 1959-ல் பிரிட்டனில் அறிமுகமானது. அதன் முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ‘விஷ்போன்’ கைகள். இரண்டையும் இணைத்து, சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்தான எஃகுத் துண்டுக்குப் பெயர் ‘அப்ரைட்’.

எடை குறைவு, விலையும் குறைவு என்பதால் லோட்டஸ் நிறுவனம் இந்த அப்ரைட்டைத் தன் ‘செவன்’ காரில் பயன்படுத்தியது. 1957-ல் வந்த செவன், உலகில் அதிகம் காப்பியடிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று. அதைப் பார்த்துக் கட்டப்பட்ட ரெப்ளிகாக்களில் ஒரு பகுதி ட்ரையம்ப் அப்ரைட்டிலும், இன்னொரு பகுதி ஃபோர்டு கார்ட்டினா அப்ரைட்டிலும் ஓடுகின்றன. பாகம் வாங்கும் முன் உங்கள் கார் எந்த ரகம் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

கிரீஸ் வேண்டாம், ஆயில் போடுங்க

கார்ட்டினா ரகத்தில் அப்ரைட்டின் கீழ் முனையில் பால் ஜாயின்ட் இருக்கும். ட்ரையம்ப் ரகத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘ட்ரனியன்’. நட்டுக்குள் போல்ட் சுழல்வதைப் போல, வெண்கலக் கூட்டுக்குள் எஃகு மரை சுழலும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். காரின் முன்பக்க எடையும் இதன் வழியாகத்தான் இறங்குகிறது.

இதற்கு 90 நம்பர் கியர் ஆயில் போட வேண்டும். பல பேர் வழக்கம்போல கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் நாளடைவில் இறுகி, மரையின் அடிவரை மசகு போகாமல் தடுக்கும். தண்ணீர் உள்ளே போனால் துருப்பிடிக்கும். மரையில் விழும் சின்ன விரிசல் வெளியே தெரியாது. ஒருநாள் அது முறிந்தால், சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிவிடும். பக்கத்தில் டிரெய்லர் போகும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மழைநீர் தேங்கும் சாலைகளிலும், உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்திலும் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

வீட்டிலேயே ஒரு டெஸ்ட்

காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துவிட்டு, சக்கரத்தின் மேல்பக்கத்தையும் கீழ்பக்கத்தையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்கில் பிரச்சினை. நிற்காவிட்டால் ட்ரனியன், பால் ஜாயின்ட் அல்லது புஷ். இடது, வலது பக்கங்களைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் வழக்கத்தைவிட கனமாக இருந்தால், ட்ரனியன் காய்ந்திருக்க வாய்ப்புண்டு.

எந்த வரிசையில் மாற்றுவது?

‘அப்கிரேடு’ என்றதும் பலரும் முதலில் வாங்குவது கலர் ஸ்பிரிங் போட்ட, அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ஷாக் அப்சார்பர். விறைப்பான ஸ்பிரிங் போட்டால், பள்ளத்தில் விழும் அடி முன்பைவிட அதிகமாக அப்ரைட்டுக்கும் ட்ரனியனுக்கும் போகும். ஏற்கெனவே தேய்ந்த பாகம் அதைத் தாங்காது. எனவே வரிசை முக்கியம்.

1. அப்ரைட், ட்ரனியன் அல்லது பால் ஜாயின்ட்: பழையது என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்க ட்ரனியனுக்கு வலது மரை, மறுபக்கத்துக்கு இடது மரை. மாற்றிப் போட முடியாது.

2. புஷ்: பாலியூரிதேன் புஷ் கையாளுதலைக் கூர்மையாக்கும், அதிர்வும் கொஞ்சம் கூடும். ரப்பர் புஷ் போட்டால், கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் திருகி, சீக்கிரம் கிழியும்.

3. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர்: ஹெரால்டின் எடை சுமார் 800 கிலோ, செவன் ரகக் கார் சுமார் 500 கிலோ. ஹெரால்டு ஸ்பிரிங்கை அப்படியே போட்டால் கார் குதிக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. சக்கரம் 10 செ.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 6 செ.மீ.தான் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு 0.6 × 0.6, அதாவது ஸ்பிரிங்கின் விறைப்பில் 36 சதவீதம் மட்டுமே. நண்பரின் காரில் போட்ட அதே நம்பர் ஸ்பிரிங் உங்கள் காருக்குச் சரிவராமல் போவது இதனால்தான்.

4. உயரம்: காரை ரொம்பத் தாழ்த்தினால், மேடு ஏறும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலேயே சக்கரம் ஒரு பக்கம் திரும்பும். இதற்குப் பெயர் ‘பம்ப் ஸ்டியர்’. லாரிகள் அழுத்திக் குழிவிழுந்த சாலையில் இது ஆபத்து.

5. வீல் அலைன்மென்ட்: எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக. நடுவில் செய்தால் காசு வீண்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52-ன்படி, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே மாதிரி பாகம் போடுவது ரிப்பேர். சஸ்பென்ஷன் அமைப்பையே மாற்றுவது வேறு விஷயம். ஆர்டிஓ அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

நிஜமான ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. 2021-ல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாமல் பழைய வடிவிலேயே பராமரிக்கப்படும் வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள்.

வேகம்தான் குறிக்கோள் என்றால், அதற்கு இடம் ரேஸ் டிராக். முன்பு மீஞ்சூருக்கு மேற்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. சாலையில் ஓட்டப்போகிறவர்கள், ஷாக் அப்சார்பருக்கு ஆர்டர் போடும் முன் ட்ரனியனில் ஆயில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.