ஊறுகாயும் திரவமே

பான் நகரம் மேற்கு ஜெர்மனியின் தலைநகராக விளங்கிய நாட்களில் மந்திரிகளும் ராஜதந்திரிகளும் வந்திறங்கியதும், முதல் சான்சலரான கொன்ராட் அடனவரின் பெயரை இன்று தாங்கி நிற்பதுமான கொலோன்-பான் விமான நிலையத்தில், யாதொரு தீய எண்ணமும் இல்லாத பிரயாணியையும் சோதனை மேஜையருகே நிறுத்திவிடக்கூடியது மறதி ஒன்றே.

விமானத்தில் திரவ வெடிமருந்து வைக்கும் சதி 2006 ஆகஸ்டில் லண்டனில் அம்பலமானதன் விளைவாக, அவ்வாண்டு நவம்பர் முதல் ஐரோப்பாவில் கைப்பையில் எடுத்துச் செல்லும் திரவம் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத குப்பிகளிலேயே இருக்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. புதிய கருவிகள் வந்த சில இடங்களில் அது தளர்ந்திருப்பினும், பொதுவாக எண்ணெயில் மிதக்கும் மாங்காய் ஊறுகாயும், தக்காளித் தொக்கும், நெய்யும், தயிரும் திரவக் கணக்கிலேயே சேரும். பெரிய பாட்டிலின் அடியில் ஒரு கரண்டிதான் மிச்சம் என்று வாதிப்பதில் பிரயோஜனமில்லை, ஏனெனில் அளக்கப்படுவது குப்பியின் கொள்ளளவே. பருப்புப்பொடி பிரியர்கள் பாக்கியசாலிகள்!

6 சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட அலகுள்ள கத்திக்கும் கைப்பையில் இடமில்லை. விசிறிபோல் விரியும் 'பட்டாம்பூச்சிக் கத்தி'யோ ஜெர்மனியின் ஆயுதச் சட்டப்படியே தடை செய்யப்பட்ட வஸ்துவாகையால், அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நடையைக் கட்ட இயலாது. விஷயம் போலீசாரிடம் போய்விடும்.

ஊரிலிருந்து பானுக்குத் திரும்பும் நேயர்கள் கொப்பரைத் தேங்காயையும் மூட்டை கட்ட வேண்டாம். எண்ணெய் மிகுந்து தானே சூடேறித் தீப்பற்றும் சுபாவம் அதற்கு உண்டாகையால், சர்வதேச விமான விதிகள் அதை அபாயகரமான சரக்குகளின் பட்டியலில் வைத்திருக்கின்றன.