மலை வழிவிட்ட இடம்

தபதிக் கரையிலிருந்து குமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மறித்து நிற்கிறது. அதில் தாராளமான திறப்பு என்றால் பாலக்காட்டுக் கணவாய்தான். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரு பக்கமும் 2,600 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். நடுவே 30 கிலோமீட்டர் அளவுக்கு விரிந்த தாழ்நிலம். கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் பஸ்ஸில் போகிறவருக்கு மலையைக் கடந்த நினைப்பே வராது. ஒரு கொண்டை ஊசி வளைவுகூடக் கிடையாது.

கொங்கு நாட்டு வரலாற்றைச் சேரர், சோழர், மைசூர்க்காரர், வெள்ளைக்காரர் என்று ஆட்சிவாரியாக எழுதுவது வழக்கம். இத்தனை பேரையும் இந்தப் பக்கம் இழுத்துவந்த கணவாய்க்கு அதில் அரைப் பத்திகூடக் கிடைப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய வணிகக் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து, செங்கடலிலிருந்து நேரே மேற்குக் கடற்கரை முசிறிக்கு வந்தன. மிளகு அங்கேயே கிடைத்தது. ஆனால் மணிக்கற்களுக்கும் முத்துக்கும் துணிக்கும் கிழக்கேதான் வரவேண்டும். ராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் நடுவில் கடல் ஆழமில்லை, மணல் திட்டுகள் வேறு. பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போகமுடியும். கணவாய் வழியாகத் தரையில் வந்தால், நொய்யல் கரையோடு கரூர், அங்கிருந்து காவிரியை ஒட்டியே கீழைக் கடல். கோவைக்கு அருகே வெள்ளலூரில் புதையல் புதையலாக ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்ததற்குக் காரணம் இந்த வழிதான்.

அந்த வழியில் இருந்த ஊர்தான் கொடுமணல். சென்னிமலைக்கு அருகே, நொய்யல் கரையில். 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும், சூதுபவள மணிகளும் கிடைத்தன. என்னை அதிகம் ஈர்த்தவை வேலை முடியாத மணிகள்தான். சிலவற்றை உடைத்து உருத்திருத்தியதோடு சரி, துளை போடவில்லை. முடிந்த மணி எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம். முடியாத மணி, பட்டறை இங்கேதான் இருந்தது என்று சொல்லிவிடுகிறது. பக்கத்திலேயே படியூரில் பச்சைக்கல் கிடைத்தது.

நிலவியலே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்பாரோடு நான் உடன்படமாட்டேன். ரோமானிய வணிகம் தேய்ந்தபின் கொடுமணலும் ஓய்ந்தது. கணவாய் அப்படியேதான் திறந்திருந்தது. வழி இருந்தால் மட்டும் போதாது, அதில் நடக்க ஆளுக்கு ஒரு தேவையும் இருக்கவேண்டும். தேவை வந்தபோதெல்லாம் மனிதர்கள் இதே வழிக்குத்தான் திரும்பியிருக்கிறார்கள்.

கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ஒரு பாறையில் 'ராசகேசரிப் பெருவழி' என்று சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. ஒரே செய்தியைத் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். மலைக்கு இரு பக்கத்தாரும் நின்று படிக்கட்டும் என்றே அப்படிச் செய்தார்கள் என்பது என் ஊகம். 1766-இல் மலபாருக்குள் புகுந்த ஹைதர் அலி கணவாயின் மேற்கு வாசலில் பாலக்காட்டுக் கோட்டையைக் கட்டினார். மைசூருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர்களில் அது பலமுறை கைமாறியது.

பிறகு ரயில். மும்பைக்கும் புனேவுக்கும் இடையே மலையேற 25 சுரங்கங்கள் குடையவேண்டியிருந்தது. 1863-இல்தான் பாதை திறந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட பாதையோ போத்தனூர் வழியாக, மலையைக் குடையும் வேலையே இல்லாமல் 1862-இலேயே மேற்குக் கடற்கரையைத் தொட்டுவிட்டது.

மனிதர்களைச் சேர்த்த இதே தாழ்நிலம் மலை உயிர்களைப் பிரித்துவைத்தது. குளிர்ந்த சோலைக்காட்டில் வாழும் சிறிய நீலப் பறவையொன்று இந்தத் தாழ்நிலத்தின் சூட்டைத் தாண்டிப் பறப்பதில்லை. வடக்கே ஓர் இனம், தெற்கே வேறு இனம். வரையாடுகளும் மரபணுவில் இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. யானைகளின் பாடுதான் மோசம். எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையே இரு தண்டவாளங்களில் ஒன்று காட்டுக்குள்ளேயே போகிறது. அதில் அடிபட்டுச் செத்த யானைகள் பல. இப்போது மதுக்கரையில் தண்டவாளத்துக்கு அடியில் யானைகள் கடக்கச் சுரங்கவழி அமைத்திருக்கிறார்கள். யானை நெருங்கினால் ரயில்வேக்குத் தகவல் சொல்லும் கேமராக்கள் 2024 முதல் இரவும் பகலும் இயங்குகின்றன.