அம்மையின் முகம் படத்தில் நிலைக்க... எல்லையோரத்துப் படப்பிரியர்களுக்குச் சில யோசனைகள்

பாறசாலைப் பக்கம் ஒரு சிறிய போட்டோக் கடை. ஒரு நாள் காலையில் கொத்தனார் ஒருவர் அங்கே வந்தார். சொந்த ஊர் விளவங்கோடு தாலுகா, வேலை நெய்யாற்றின்கரையில். தாயார் காலமாகிப் பதினாறாம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் மாட்டுவதற்குப் பெரிய படம் வேண்டும். கையில் இருந்ததோ வாக்காளர் அட்டை ஒன்றுதான். அதில் தபால்தலை அளவுக்கு ஒரு முகம்.

“வேற போட்டோ ஒண்ணும் இல்லியா, அண்ணாச்சி?” என்று கேட்டார் கடைக்காரர்.

“இல்ல தம்பி. போனுல நூறு படம் கெடக்கு. பிள்ளைக, பைக்கு, கெட்டுன வீடு எல்லாம் உண்டு. அம்மைய மட்டும் எடுக்கல்ல.”

கடைக்காரர் அந்தச் சின்னப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். அவற்றைத் திருத்தி, கன்னத்தை மெழுகி, புடவைக்கு நிறம் கொடுத்துப் பிரேம் போட்டுக் கொடுத்தார். கொத்தனார் நெடுநேரம் அதைப் பார்த்தார். “நல்லா இருக்கு தம்பி. ஆனா இது எங்க அம்மை இல்ல” என்று சொல்லிவிட்டு, பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஒவ்வொரு சட்டைப் பையிலும் இன்று ஒரு காமிரா இருக்கிறது. இருந்தும் வேண்டிய நேரத்தில் வேண்டிய படம் இல்லை. இருந்தாலும் உருப்படியாக இல்லை. பெரிய படிப்போ பெரிய பணமோ இதற்குத் தேவையில்லை. சில எளிய பழக்கங்கள் போதும்.

பன்னிரண்டே படம்!

1970களில் நடுத்தரக் குடும்பத்துக் காமிரா என்றால் பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் 3 தான். ஒரு 120 பிலிம் சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் விழும். வெயிலுக்கு ஒரு நிலை, மேகத்துக்கு ஒரு நிலை, அவ்வளவுதான். 1960இல் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் விற்றது. அந்த ஆலை இப்போது மூடப்பட்டுவிட்டது.

பன்னிரண்டு படம்தான் என்பதால் ஒவ்வொன்றையும் யோசித்து எடுத்தார்கள். பொங்கலுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று என்று கணக்கு இருந்தது. இன்று கணக்கு இல்லை. அதனால் யோசனையும் இல்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படம்தான் என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டு எடுத்துப் பாருங்கள். ஒரே மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

முதலில் துடையுங்கள்

போனில் எடுத்த படம் பனி மூடியதுபோல் இருந்தால், பெரும்பாலும் குற்றம் லென்சின் மேல் படிந்த விரல் எண்ணெயில் இருக்கும். படம் எடுக்குமுன் மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். ஆனால் சிமெண்ட், மணல், செம்மண் தூசியில் வேலை செய்பவர்கள் எடுத்த எடுப்பில் துடைக்கக் கூடாது. தூசி கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதித் தூசியை அகற்றி, பிறகு துடைக்க வேண்டும்.

அடுத்தது, தூரத்தில் நின்றபடி விரலால் இழுத்துப் பெரிதாக்கும் பழக்கம். பல போன்களில் இப்படிச் செய்தால் படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெருக்குவதுதான் நடக்கிறது. நாலு அடி முன்னால் போவது மேல். அதற்காக முகத்துக்கு மிக அருகேயும் போகக் கூடாது. ஓர் அடி தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது சிறுத்து, வேறு ஆள்போல் தெரியும். முகத்துக்கு ஐந்தாறு அடித் தூரம் சரியானது.

நடுப்பகல் வேண்டாம்

உச்சி வெயிலில் கண்களின் கீழ் கறுப்பு நிழல் விழும். வயதானவர்களுக்குச் சுருக்கங்கள் இரட்டிப்பாகத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு முன்பும், மாலை நாலரைக்குப் பின்பும் வெளிச்சம் சாய்வாக, இதமாக வரும். நடுப்பகலில்தான் எடுக்க வேண்டும் என்றால் திண்ணையிலோ வாசல் நடையிலோ, கூரை நிழலுக்குள் இரண்டு மூன்று அடி தள்ளி உட்கார வைத்து, முகத்தை முற்றத்தைப் பார்க்கத் திருப்புங்கள். முற்றத்து வெளிச்சம் முகத்தில் மிருதுவாக விழும். இதைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது.

வெள்ளறடைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலைகளின் வழியே இறங்கும் வெளிச்சம் முகத்துக்குப் பச்சைச் சாயம் பூசிவிடும். தோட்டத்தின் ஓரத்தில், வானம் தெரியும் இடத்தில் நிறுத்தினால் இந்தக் குறை நீங்கும்.

கையால் திருப்பி வைக்கும் பழைய காமிரா வைத்திருப்போருக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. நல்ல வெயிலில் துவாரம் எப் 16. ஷட்டர் வேகம் பிலிமின் எண்ணுக்கு ஏற்றபடி. 100 எண் பிலிமுக்கு 1/125 விநாடி. மேகம் மூடினால் துவாரம் எப் 8. திறந்த நிழலில் எப் 5.6 அல்லது எப் 4. மீட்டர் கெட்டுப்போன காமிராவிலும் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

யானையும் வேட்டியும்

வெளிச்சத்தை அளக்கும் காமிராவுக்கு யானையும் தெரியாது, வேட்டியும் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். சட்டம் நிறைய யானையை வைத்தால் “இருட்டாக இருக்கிறதே” என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். யானை வெளுத்துப் போகும். வெள்ளை வேட்டிக் கூட்டத்தை வைத்தால் “வெளிச்சம் அதிகம்” என்று குறைத்துவிடும். வேட்டி அழுக்காகி, முகங்கள் கறுத்துப் போகும்.

பரிகாரம் எளிது. போனில் எடுக்க வேண்டிய முகத்தின்மேல் விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே தள்ளினால் குறையும். யானைக்குக் குறையுங்கள், வெள்ளை உடுப்புக்குக் கூட்டுங்கள்.

இதைப் பழகிப் பார்க்க எல்லையோரத்தில் ஆண்டுக்கு ஒரு முறை அருமையான வாய்ப்பு வருகிறது. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய விக்கிரகங்கள் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் செல்கின்றன. முதல் நாள் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் எல்லை கடக்கும்போது கேரள அரசின் சார்பில் வரவேற்பு. அன்றிரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் தங்கல். மூன்றாம் நாள் தலைநகரம்.

ஊர்வலத்தோடு ஓடிக்கொண்டே எடுப்பவர்களுக்கு முதுகுகள்தான் கிடைக்கும். அரை மணி முன்னதாகவே போய், சாலை வளைவில் சற்று உயரமான இடம் பார்த்து நின்றுவிட வேண்டும். நடப்பவர்களுக்கு 1/125 விநாடி போதும். செண்டை அடிப்பவர்களின் கை உறைந்து நிற்க வேண்டும் என்றால் 1/500 வேண்டும். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் பிளாஷை அணைத்துவிடுங்கள். பிளாஷ் அடித்தால் தீவட்டியின் பொன்னிறம் போய்விடும், யானையும் மிரளக்கூடும். முழங்கைகளை ஒரு மதிலில் ஊன்றி, மூச்சை அடக்கி எடுத்தால் படம் அசையாது.

தறிக்கூடத்தில்

நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள பாலராமபுரத்துக் கைத்தறி, 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் வளர்த்த தொழில் இது. குழித்தறிக் கூடங்கள் பெரும்பாலும் இருட்டாக, ஒரே ஜன்னலோடு இருக்கும். இங்கும் பிளாஷ் வேண்டாம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் நெய்பவர் முகம் தட்டையாக வரும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி நின்றால் நூலின் இழை, கையின் நரம்பு, நெற்றியின் வியர்வை எல்லாம் எடுப்பாகத் தெரியும். அனுமதி கேட்டு, சற்று நேரம் சும்மா நின்றுவிட்டு எடுங்கள். காமிராவை அவர்கள் மறந்த பிறகுதான் படம் தொடங்குகிறது.

ரயில் பாதையில் படமா?

கன்னியாகுமரிப் பாதை 1979இல் திறக்கப்பட்ட நாள்தொட்டு, பாறசாலையில் ரயிலைப் பின்னணியாக வைத்துப் படம் எடுக்கும் ஆசை இளைஞர்களை விடவில்லை. தண்டவாளத்தில் நின்று எடுப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவுப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அதைவிட முக்கியம், வரும் ரயிலின் வேகத்தைக் காமிராவின் வழியே பார்த்துக் கணிக்க முடியாது என்பதுதான். ஒரு படத்துக்கு உயிரை விலை பேசலாமா?

பழைய படத்துக்குப் பிரதி

1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று ஆன குடும்பங்கள் ஏராளம். இரு வீட்டுக்கும் பொதுவான கல்யாணப் படம் ஒரே வீட்டுச் சுவரில்தான் தொங்கும். அதற்குப் பிரதி எடுப்பது எப்படி?

முடியுமானால் படத்தைப் பிரேமிலிருந்து கழற்றுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், அப்படியே எடுங்கள். ஜன்னலோரம் மேசைமேல் படுக்க வைத்து, காமிராவைப் படத்துக்கு நேர் மேலே, சாயாமல் பிடியுங்கள். சாய்ந்தால் ஒரு பக்கம் பெரிதாகும். பிளாஷ் கூடாது, கறுப்பு மத்தியில் வெள்ளைப் பொட்டு விழும். கண்ணாடியில் உங்கள் சட்டை பிரதிபலித்தால், ஒரு கறுப்புத் துணியில் துளை போட்டு அதன் வழியே எடுக்கலாம்.

எடுத்த பிரதியை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாகுமென்டாக அனுப்பினால் முழு அளவில் போய்ச்சேரும். நாலுக்கு ஆறு அங்குலப் பிரிண்ட் தெளிவாக வர 1200க்கு 1800 புள்ளிகள் தேவை.

இந்த வேலை சின்ன வேலை அல்ல. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்கள் அழிந்துவிடாதபடி டிஜிட்டல் பிரதி எடுக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்றின் உதவியோடு செய்திருக்கிறது. ஆராய்ச்சி நிறுவனங்கள் தேடிப் போகும் பொருள் நம் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது.

இடவப்பாதியில் எச்சரிக்கை

இந்தப் பகுதிக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். லென்சுக்கும் பிரிண்டுக்கும் பூஞ்சைதான் பெரிய எதிரி. காமிராவைத் தோல் பைக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்ததுபோல் ஆகும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீல ஜெல் ரோஜா நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். மிதமான சூட்டில் உலர்த்தினால் மீண்டும் நீலமாகும். அதற்குச் சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் படம் மாட்ட வேண்டாம்.

பிரிண்டின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பெயர் எழுதாத படம், இரண்டு தலைமுறையில் யாரோ ஒருவருடைய படமாகிவிடும்.

ஊருக்குப் போகும்போது மறக்க வேண்டாம்

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மையைத் திண்ணையில் உட்கார வையுங்கள். “எனக்கு எதுக்குடா படம்?” என்பார். புடவை மாற்ற வேண்டும் என்றால் மாற்றட்டும். தேங்காய் துருவிக்கொண்டோ, வெற்றிலை இடித்துக்கொண்டோ இருக்கையில் பேச்சுக் கொடுத்தபடி, அவர் கண்ணின் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். அந்த வாரமே பிரிண்ட் போட்டு, ஒன்றை ஊரிலும் ஒன்றை உங்கள் பெட்டியிலும் வையுங்கள்.

ஆகும் செலவு ஒரு நேரத்துச் சாப்பாட்டுக் காசுதான். அந்தக் கொத்தனார் எவ்வளவு கொடுத்தும் கடையில் கிடைக்காத பொருள் அது.