ஒன்றும் ஒற்றைப்படைதான்



மகாளய அமாவாசை வந்துவிட்டால் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கும். பழைய வேட்டித் துணியைப் பிரிக்கும்போதே வேப்பிலையும் கற்பூரமும் கலந்த வாசனை வீடெங்கும் பரவும். முதலில் வெளியே வருவது கையளவு மரப்பாச்சி. "வந்தாயா அம்மா?" என்று பாட்டி அதைக் கேட்பார். அதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு நவராத்திரி பிறக்கும்.

எங்கள் வீடு திருவொற்றியூரில் தியாகராசர் கோயிலுக்கும் கடலுக்கும் இடையே ஒரு சந்தில் இருக்கிறது. ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட பக்கத்து வீட்டார் கிறிஸ்தவர்கள். நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் கொலு. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் குடில். அவர்களுடைய ஆடுகள் எங்கள் கொலுப் பூங்காவில் மேயும். எங்கள் பசுமாடு மார்கழிக் குளிரில் அவர்களுடைய தொழுவத்தில் படுத்திருக்கும். இப்படிப் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது.

பொம்மை அடுக்குவது சிறுபிள்ளை விளையாட்டு என்று சிலர் எண்ணலாம். அது எவ்வளவு பெரிய கலை என்பதையும், வீட்டில் ஆயிரம் மாற்றங்கள் வந்தாலும் அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதையும் நாங்கள் பட்டறிந்தவரையில் இங்கே கூற விரும்புகிறோம்.

கொலுவும் குடிலும்

கொலுப்படிகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் அமையவேண்டும் என்பது வழக்கம். மேற்படிகளில் கலசமும் தெய்வங்களும், நடுவில் மகான்களும் அரசர்களும், கீழே செட்டியார் கடையும் கல்யாண ஊர்வலமும் இருக்கும். தரையில் பூங்கா. கேழ்வரகை ஈர மண்ணில் தூவினால் சில நாட்களில் புல்தரை கிடைக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றி மணல் கொட்டினால் குளம் கிடைக்கும். உயிர்கள் படிப்படியாக உயர்ந்து தெய்வத்தை அடைவதை இது காட்டுகிறது என்று பெரியோர் விளக்கம் சொல்வர். ஆந்திரத்தில் இதுவே பொம்மல கொலுவு. கர்நாடகத்தில் கொம்பெ ஹப்பா.

குடிலின் கதையும் சுவையானது. 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்ற சிற்றூரில் அசிசி நகரப் புனித பிரான்சிஸ் வைக்கோல் பரப்பிய தீவனத்தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்துக் கிறிஸ்து பிறப்பை நினைவுகூர்ந்தார். நாளடைவில் அது சிறு உருவங்களாக வீடுகளுக்குள் வந்தது. நேப்பிள்ஸ் நகரத்துக் குடில்களில் மீன் விற்பவரும் ரொட்டி சுடுபவரும் கடைக்காரரும் உண்டு. நம் கொலுவில் செட்டியார் எப்படி வந்து அமர்ந்தாரோ, அவ்வாறே அவர்களும் வந்து அமர்ந்துவிட்டார்கள் போலும்!

பிரான்ஸ் நாட்டில் 1789-ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்துத் தேவாலயங்கள் மூடப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அப்போது தென்பகுதியான ப்ரோவான்ஸில் மக்கள் சின்னஞ்சிறு மண்ணுருவங்களைக் கொண்டு வீட்டிலேயே குடில் வைத்தனர். அவ்வுருவங்களுக்குச் 'சந்தோன்' என்று பெயர். 'சிறு புனிதர்' என்பது பொருள். பெரியதாக வைக்க முடியாதபோது சிறியதாக வைத்தார்கள். ஆகவே அந்த வழக்கம் அழியாமல் நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஜப்பானில் மார்ச் 3-ஆம் நாள் பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். செந்துணி விரித்த படிகளின் உச்சியில் அரசனும் அரசியும் வீற்றிருப்பர்; அங்கும் ஏழு படி வைப்பதுண்டு. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் பரப்பி ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து 1913-ஆம் ஆண்டில் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு நூலே எழுதினார். ஆக, சின்ன உலகம் ஒன்றைக் கட்டி மகிழும் ஆசை எல்லா நாட்டாருக்கும் பொது.

பொம்மை பிறக்கும் விதம்

நம் மாநிலத்தில் பண்ருட்டியும் காஞ்சிபுரமும் கொலு பொம்மைகளுக்குப் பெயர் பெற்றவை. சென்னையில் கொசப்பேட்டை உண்டு. மதுரையை அடுத்த விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் கைகளே கிறிஸ்துமஸ் குடில் உருவங்களையும் செய்கின்றன. பக்கத்து வீட்டு மாதாவும் சூசையப்பரும் அவ்வூரில் செய்யப்பட்டவர்களே!

காகிதக் கூழ் பொம்மையை இப்படிச் செய்கிறார்கள். ஊறவைத்த காகிதத்தை அரைத்து, வெள்ளை மாவுத்தூளும் பசையும் கலந்து பிசைகிறார்கள். முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. இரண்டிலும் கூழை அழுத்தி எடுத்து, ஒட்டி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பூசி, பிறகு வண்ணம் தீட்டுவார்கள். கண் திறப்பது கடைசியில்தான். உள்ளே கூடாக இருப்பதால் இப்பொம்மை எடை குறைந்தது. கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது.

மண் பொம்மை அப்படியன்று. அதை நிழலில் உலர்த்திச் சூளையில் சுடவேண்டும். நன்றாகச் சுட்ட மண், மீண்டும் தண்ணீர் பட்டாலும் சேறாகாது. வெப்பம் அதன் தன்மையையே மாற்றிவிடுகிறது. பாரிஸ் சாந்து வேறு வகை. ஜிப்சம் என்னும் கல்லைச் சூடாக்கி, அதனுள் கலந்திருக்கும் நீரில் முக்கால் பங்கை வெளியேற்றினால் அந்தப் பொடி கிடைக்கும். தண்ணீர் சேர்த்தவுடன் அது இறுகிவிடும். மரப்பாச்சியோ செம்மரத்திலோ கருங்காலியிலோ கடைந்தது. பெண்ணுக்குத் திருமணமாகும்போது சீரோடு ஒரு ஜோடி மரப்பாச்சி கொடுப்பது வழக்கம்.

இவற்றையெல்லாம் நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டோம் என்று சொன்னால் அது பாதி உண்மையே. மீதிப் பாதியை வெள்ளம் கற்றுக்கொடுத்தது.

வெள்ளம் வைத்த தேர்வு

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். கொலு முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் பொம்மைப் பெட்டி பரணில் ஏறவில்லை. அப்பாவுக்கு இரவு ஷிப்டு; பாட்டிக்கு மூட்டுவலி; எங்களுக்குச் சோம்பல். "நாளைக்கு ஏற்றலாம்" என்று சொல்லிக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தோம். கடற்காற்றில் தகரப் பெட்டியின் அடிப்பாகம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

தண்ணீர் வடிந்த பின் பெட்டியைத் திறந்தோம். காகிதக் கூழில் செய்த தசாவதாரம் மீண்டும் கூழாகிவிட்டிருந்தது. பாரிஸ் சாந்துப் பொம்மைகள் கரையவில்லை. ஆயினும் வண்ணம் உப்பி, ஓரங்கள் தொட்டால் உதிர்ந்தன. தம்பி பிடித்து வைத்திருந்த சுடாத களிமண் பிள்ளையார் இருந்த இடமே தெரியவில்லை. சுட்ட மண்ணாலான செட்டியார் நிறம் மட்டும் இழந்து, அதே தொப்பையுடன் அமர்ந்திருந்தார். மரப்பாச்சியைக் கழுவி நிழலில் உலர்த்தினோம், ஒன்றும் ஆகவில்லை.

இவை எல்லாவற்றையும்விட எங்களை வருத்தியது வேறொன்று. அந்தப் பெட்டிக்குள்தான் பக்கத்து வீட்டு ஆடுகள் ஐந்தும் இருந்தன. விஜயதசமிக்கு மறுநாளே திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும். கொடுக்கிறோம், கொடுக்கிறோம் என்று நாட்களைக் கடத்திவிட்டோம். அவர்களுடைய மற்ற உருவங்கள் பரணில் பத்திரமாக இருந்தன. எங்களிடம் நம்பிக் கொடுத்தவை மட்டும் போயின. இரவல் பொருளை அழித்துவிட்டு எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அவர்கள் வீட்டு வாசலில் நாங்கள் வெகு நேரம் நின்றோம். அந்த வீட்டு அக்கா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆடு தொலைந்தால் தேடுவதுதானே இடையனுக்கு வேலை? உள்ளே வாருங்கள், வேறு ஆடு செய்வோம்" என்றார்கள்.

அன்று மாலை முதல் நாங்களும் அவர்களும் சேர்ந்து ஆடு செய்தோம். பழைய துணியை உருட்டி உடல். அதன்மேல் பசை தடவிப் பஞ்சு. நான்கு தீக்குச்சிகள் கால்கள். இரண்டு மிளகு கண்கள். தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரால் 'விம்கோ நகர்' என்று ஒரு பகுதியே உள்ள ஊரில் பிறந்தவர்களுக்குத் தீக்குச்சி வேலையைச் சொல்லியா தரவேண்டும்? அந்த ஆண்டுக் குடிலில் ஐந்து ஆடுகளும் ஐந்து விதமாக நின்றன. ஒன்றுக்குக் கால் நொண்டி. பார்க்க வந்தவர்கள் முதலில் அந்த ஆட்டைத்தான் கேட்டார்கள்.

பாதுகாக்கும் முறை

அனுபவத்தில் நாங்கள் கற்றவற்றைக் கூறுகிறோம். பொம்மைகளை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றவேண்டும். பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த வேப்பிலையும் கற்பூரமும் பூச்சியை விலக்கும். கனமானவை அடியிலும் லேசானவை மேலும் இருக்கவேண்டும். தூசியை உலர்ந்த தூரிகையால் தட்டவேண்டுமே தவிர ஈரத்துணியால் துடைக்கலாகாது. காகிதக் கூழ் பொம்மையின் விரல் உடைந்தால், கிழித்த காகிதத்தை மைதாப் பசையில் தோய்த்துச் சிறிது சிறிதாக ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் வண்ணம் தீட்டலாம். கடலோரத்தில் வாழ்பவர்கள் தகரப் பெட்டியின் அடியை ஆண்டுக்கொருமுறை திருப்பிப் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவல் வாங்கியதை முதலில் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்!

குறைந்துகொண்டே வந்த படிகள்

பாட்டி புதுமணப்பெண்ணாக வந்தபோது இவ்வீட்டில் ஒன்பது படிகளாம். அத்தைக்குத் திருமணமானபோது சில பொம்மைகள் சீராகப் போயின. சித்தப்பா தனிக்குடித்தனம் போனபோது சில பொம்மைகள் அவரோடு சென்றன. படிகள் ஏழாயின. 2020-ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் ஐந்து படி வைத்தோம். சுண்டல் வாங்க ஒருவரும் வரவில்லை. வெள்ளத்துக்குப் பின் மூன்று.

2025-ஆம் ஆண்டில் நாங்கள் பத்தாம் வகுப்புக்கு வந்தோம். காலாண்டுத் தேர்வு முடியும் முன்பே நவராத்திரி தொடங்கிவிட்டது. "இந்த ஒரு வருஷம் கொலு வேண்டாம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அம்மா சொன்னார்கள். வேலைக்கும் போய், சமையலும் பார்த்து, எங்கள் படிப்பையும் கவனிக்கும் அம்மா சொன்னதில் தவறே இல்லை. உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் ஒரு சுமை இறங்கியது போலவே இருந்தது. பாட்டி மறுத்து ஒன்றும் பேசவில்லை. பரணை மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

அன்றிரவு சாப்பிடும்போது பாட்டி மெதுவாகக் கேட்டார்: "ஒன்பது வேண்டாம், மூன்றும் வேண்டாம். ஒரே ஒரு படி வைக்கலாமா? ஒன்றும் ஒற்றைப்படைதானே?"

அம்மா சிரித்துவிட்டார்கள்.

எங்கள் படிப்பு மேசையின் ஓரத்தில் ஒரு பலகை. அதன்மேல் வெள்ளை வேட்டி. ஆளுக்கு ஒரு பொம்மை என்று முடிவாயிற்று. பாட்டி மரப்பாச்சியை வைத்தார். தம் தந்தை வாங்கியது என்று சொல்லி, நிறம் போன செட்டியாரை அப்பா எடுத்தார். இது வரையில் எங்களுக்குத் தெரியாத செய்தி அது! அம்மா தம் சிறுவயதுச் சொப்பை வைத்தார்கள். தம்பி புதிதாக ஒரு பிள்ளையார் பிடித்தான். இம்முறை அதைச் சுட்டுவிடவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தான். நாங்கள் பக்கத்து வீட்டுக்குப் போய் அந்த நொண்டி ஆட்டைக் கேட்டு வாங்கி வந்தோம்.

ஒன்பது படி இருந்த நாளில் பொம்மைகளை எண்ணினோம். ஒரு படி வைத்த ஆண்டில்தான் ஒவ்வொன்றின் கதையையும் கேட்டோம். மாலையில் விளக்கேற்றிச் சுண்டல் நைவேத்தியம் செய்யக் கால் மணி நேரம் ஆயிற்று. அதனால் கணக்கும் கெடவில்லை, அறிவியலும் கெடவில்லை. விஜயதசமி இரவு மரப்பாச்சியைப் படுக்கவைத்தோம். மறுநாள் காலை முதல் வேலையாக ஆட்டைத் திருப்பிக் கொடுத்தோம். பெட்டியும் அன்றே பரணில் ஏறிவிட்டது.

தோழியரே! கொலுவோ குடிலோ, தபால்தலையோ தையலோ, உங்கள் வீட்டிலும் கை பழகிய ஒரு கலை இருக்கும். பெரிதாகச் செய்ய முடியவில்லையே என்று அதை ஓராண்டு நிறுத்தினால், அடுத்த ஆண்டு நிறுத்துவது இன்னும் எளிதாகிவிடும். படிப்புக்காக அதைக் கைவிடவேண்டாம். அதற்காகப் படிப்பையும் கைவிடவேண்டாம். படிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு படியேனும் வையுங்கள். ஏறுவதற்கு முதலில் வேண்டியது ஒரு படிதானே!