மாணவி பெயரிட்ட வைரசு

நாம் மிதித்துச் செல்லும் மண்ணிலே ஒரு கரண்டியளவை எடுத்தால், அதனுள் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றையே இரையாகக் கொள்ளும் வைரசுகளும் அம்மண்ணில் உள. இவ்வைரசுகளை 1915ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரெடெரிக் துவோட் என்பாரும், 1917ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பீலிக்ஸ் டெரெல் என்பாரும் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டனர். ‘பற்றீரியாவை உண்பது’ எனப் பொருள்படும் ‘பற்றீரியோபேஜ்’ என்னும் பெயரை இட்டவர் டெரெல். சுருக்கமாகப் பேஜ் என்பர்.

உலகிலுள்ள பேஜ்களின் தொகையை, ஒன்றை எழுதி அதன்பின் 31 சுழியங்களை இட்டுக் காட்டுவர் அறிஞர். ஆயினும் ஒவ்வொரு பேஜும் தனக்குரிய சில பற்றீரியாக்களையே பற்றும், பிறவற்றைத் தீண்டாது. ஆதலின் ஒரு நோய்க்கிருமிக்கு ஏற்ற பேஜ் வேண்டுமாயின், பல பேஜ்களைத் தேடிச் சேர்த்து வைத்திருத்தல் வேண்டும். அதற்குப் பல கைகள் தேவை. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரகாம் ஹற்புல் இப்பணிக்கு மாணாக்கரை நாடினார். 2008ஆம் ஆண்டு முதல் பல கல்லூரிகளின் முதலாண்டு மாணாக்கரும் மண்ணிலே பேஜ் தேடலாயினர்.

தேடும் முறை எளிது. மண்ணை நீர்மத்திற் கலக்கிப் பற்றீரியாக்களும் புகவொண்ணாத நுண்துளை வடிகட்டியில் வடிப்பர். வடிநீரைக் காசநோய்க் கிருமிக்கு உறவான, பெரும்பாலும் தீங்கற்ற ஒரு பற்றீரியாவுடன் சேர்த்துக் கண்ணாடித் தட்டில் வளரவிடுவர். ஓரிரு நாளில் பற்றீரியா ஆடைபோற் படர்ந்திருக்கும். அதனிடையே தெளிந்த சிறு வட்டங்கள் தோன்றுமாயின், அங்கே பேஜ் பற்றீரியாவை அழித்துள்ளது என்பது பொருள். பின்னர் அதனைத் தூய்மை செய்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் உருவத்தைக் கண்டு, பெயரிட்டு, உறைநிலையிற் சேமிப்பர். பெயரிடும் உரிமை கண்டெடுத்த மாணாக்கர்க்கே உரியது.

தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரத்தில், 2010ஆம் ஆண்டில், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழக மாணவி ஒருவர் கூட்டெருக் குவியலில் அழுகிக் கிடந்த கத்தரிக்காயின் அடிப்புறத்திலிருந்து மாதிரி எடுத்தார். அதிற் கிடைத்த பேஜுக்கு, ஆங்கிலத்தில் ‘சேறு படிந்தது’ எனப் பொருள்தரும் ‘மடி’ என்னும் பெயர் அமைந்தது. அன்று அதனால் எப்பயனும் விளையுமென எவரும் எண்ணினாரல்லர். அது குளிர்பெட்டியிற் காத்துக் கிடந்தது.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. இலண்டனில் நுரையீரல் மாற்றுச் சத்திரசிகிச்சை பெற்ற 15 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலெங்கும், காசநோய்க் கிருமியின் இனத்ததான வேறொரு பற்றீரியா பரவிற்று. மருந்துகள் யாவும் தோற்றன. அவளிடமிருந்து பெற்ற கிருமி பிற்ஸ்பேர்க்கிற்கு வந்தது. சேமிப்பிலிருந்த பேஜ்களைச் சோதித்தபோது, ‘மடி’ அக்கிருமியை நன்கு கொன்றது. வேறிரண்டு பேஜ்கள் பற்றீரியாவினுள் உறங்கிக் கிடக்கும் இயல்பின. அவ்வுறக்கத்துக்குக் காரணமான மரபணுவை நீக்கி அவற்றையும் கொல்வனவாக்கினர். 2018ஆம் ஆண்டில் மூன்றையும் கலந்து அவளது குருதி நாளத்திற் செலுத்தினர். புண்கள் ஆறத் தொடங்கின. அவள் வீடு திரும்பினாள். நோய் முற்றாக ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை. ஆயினும் கைவிடப்பட்ட நிலையிலிருந்து மீண்டாள்.

பேஜ் எல்லார்க்கும் பலிக்கும் மருந்தன்று. இவ்வினக் கிருமிகளால் நோயுற்ற 20 பேருக்கு அளித்தபோது 11 பேரே நற்பயன் பெற்றனர் என 2022ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை கூறும். எனினும் ஒன்று தெளிவு. பயன் யாதென வினவி, உடன் விடை கிடையாமையால் அம்மாதிரியைக் கொட்டிவிட்டிருந்தால், இலண்டனில் அச்சிறுமிக்கு உதவ அது இருந்திராது. கண்டதைப் பெயரிட்டுப் பேணி வைத்தலே ஒரு மாணவி உலகுக்கு ஆற்றிய உதவியாயிற்று.