பொறி தாங்கு குறுக்குச்சட்டம்

பொறி தாங்கு குறுக்குச்சட்டம் என்பது தானுந்தின் பொறியையோ அதனுடன் இணைந்த பற்சக்கரப் பெட்டியையோ கீழிருந்து தாங்கி, அதன் எடையை வண்டியின் இரு பக்கங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் எஃகுப் பாகம் ஆகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது கிராஸ் மெம்பர் என்றே வழங்கப்படுகிறது. சட்டத்திற்கும் பொறிக்கும் இடையில் அதிர்வைத் தணிக்கும் இரப்பர்த் துண்டுகள் உள்ளன. இவை இன்ஜின் மவுண்டிங் அல்லது பவுண்டேஷன் ரப்பர் எனப்படும். பழைய தானுந்துகளில் இச்சட்டம் வளைந்து போவது அடிக்கடி காணப்படும் குறை. ஆனால் அது பெரும்பாலும் வேறொரு குறையின் பெயரில்தான் பட்டறைக்கு வந்து சேர்கிறது.

அமைப்பு

பொறி நெடுக்குவாட்டில் அமைந்து பின்சக்கரங்களை இயக்கும் பழைய தானுந்துகள் பலவற்றில் பொறி மூன்று புள்ளிகளில் தாங்கப்படுகிறது. முன்புறம் இடமும் வலமுமாக இரண்டு இரப்பர்த் தாங்கிகள் இருக்கும். மூன்றாவது பற்சக்கரப் பெட்டியின் வாலடியில் இருக்கும். அந்த மூன்றாவது புள்ளியின் சுமையை ஏற்பது மரையாணிகளால் பொருத்தப்பட்ட, கழற்றக்கூடிய குறுக்குச்சட்டமே. பின்புறத்தில் பொறி உள்ள வண்டிகளில் சட்டத்தின் இடமும் மாறுகிறது. போர்ஷே 911 தானுந்தில் பொறியின் பின்முனை ஒரு குறுக்குச்சட்டத்தில் தொங்குகிறது. 1968 மாதிரி முதலான வோக்ஸ்வாகன் சிற்றுந்திலும் பொறியின் பின்னால் இத்தகைய சட்டம் உண்டு. அதன் உருவத்தைக் கண்டு மேலை நாட்டார் அதை மீசைச் சட்டம் என்று அழைப்பர்.

1920களில் பல தானுந்துகளில் பொறி நேரடியாகச் சட்டகத்தில் முடுக்கப்பட்டிருந்தது. 1931 இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளைமவுத் வண்டியில், பொறி தன் எடைமையத்தின் வழியே செல்லும் அச்சில் ஆடும்படி இரப்பர்மேல் அமர்த்தும் முறையைப் பெருமளவில் அறிமுகப்படுத்தியது. பொறி ஆட இடங்கொடுத்தால் வண்டி ஆடாது என்பதே இதன் கருத்து. ஆட்டத்திற்கு இடங்கொடுத்த பின், அந்த ஆட்டத்தை எல்லைக்குள் வைத்திருக்கும் பொறுப்பு சட்டத்தின்மேல் விழுந்தது.

இந்தியச் சாலைகளில் இன்றும் காணக்கிடைக்கும் பழைய தானுந்துகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 மே மாதம் வரை செய்யப்பட்ட அம்பாசடர், மும்பையில் 2000 ஆம் ஆண்டளவில் நின்றுபோன பிரீமியர் பத்மினி, சென்னையில் 1961 முதல் 1971 வரை செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியனவே அவை. முதல் இரண்டிற்கும் தனிச் சட்டகம் இல்லை. உடற்கூடே சட்டகமாக அமைந்தது. ஹெரால்டுக்குத் தனிச் சட்டகம் உண்டு. உடற்கூடே சட்டகமாக உள்ள வண்டியில், வளைந்த குறுக்குச்சட்டம் தன்னோடு மரையாணி பிடித்திருக்கும் மெல்லிய தகட்டையும் இழுத்துக் கோணலாக்கிவிடும். ஆகையால் சட்டத்தை மட்டும் நேராக்கிப் பயனில்லாத நிலையும் ஏற்படுவதுண்டு.

வளையும் காரணங்கள்

முதற்காரணம் ஜாக்கி. சக்கரம் மாற்றுபவர் உரிய இடத்தைத் தேடாமல், கைக்கு எட்டிய குறுக்குச்சட்டத்தின் நடுவில் ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்குகிறார். பற்சக்கரப் பெட்டியின் வால் எடையை மட்டும் தாங்க வகுக்கப்பட்ட பாகம், வண்டியின் முன்பாதி எடையைத் தாங்க நேர்கிறது. அடுத்த காரணம் வேகத்தடை. மூன்றாவது, எண்ணெய் ஊறிப் பஞ்சுபோல் ஆன இரப்பர். இயற்கை இரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் உப்பி வலுவிழக்கும். அதன்பின் கிளட்ச்சை விடும் ஒவ்வொரு முறையும் பொறி சட்டத்தின்மேல் நேராகவே மோதும்.

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில் நான்காவது காரணம் ஒன்று உண்டு. வானூர் வட்டத்தில் ஆரோவிலை ஒட்டியுள்ள குயிலாப்பாளையம் செம்மண் மேட்டில் அமைந்த ஊர். மழையில் அரித்துப் பள்ளமாகும் செம்மண் பாதைகளில் தாழ்ந்த பழைய வண்டியின் அடிப்பாகம் தரை தட்டுவது இயல்பு. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்கள் வருகின்றன. கழுவேலி நீர்ப்பரப்பை அடுத்துப் பாத்தி பாத்தியாக விரிந்த இந்நிலத்தில் காற்றிலும் மண்ணிலும் உப்பு கலந்துள்ளது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மையது. ஆதலால் சட்டத்தின்மேல் படிந்த உப்புச்சேறு கோடையிலும் முழுதாக உலர்வதில்லை. குளோரைடு உள்ள ஈரத்தில் எஃகு விரைந்து துருப்பிடிக்கும். துரு, தான் உண்ட இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் இரட்டைத் தகடுகளுக்கு இடையில் புகுந்து அவற்றைப் பிளக்கும். பெட்டி வடிவச் சட்டம் உள்ளிருந்தே அரிபடுகிறது. வெளியில் வண்ணப்பூச்சு பளபளத்துக்கொண்டிருக்கும்.

2024 நவம்பர் 30 அன்று இக்கடற்கரையில், புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயல் புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் பெருவெள்ளத்தை உண்டாக்கியது. நீரில் நின்ற வண்டியின் பொறியையும் மின்கம்பிகளையும் உடனே பார்ப்பர். பெட்டிச் சட்டத்தினுள் தேங்கிய சேற்றை எவரும் பார்ப்பதில்லை. அடியில் உள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து நன்னீரால் அலசுவது சில நிமிட வேலைதான்.

அறிகுறிகள்

வளைந்த சட்டம் தன்னைத் தானே காட்டிக்கொள்வது அரிது. விசிறி பொறியோடும், ரேடியேட்டர் உடற்கூட்டோடும் பொருந்தியவை. எனவே பொறி தாழ்ந்தாலோ சாய்ந்தாலோ இரண்டிற்கும் இடைப்பட்ட வெளி இடம் வலம் மாறுபடும். கிளட்ச் உதறல், கியர் தண்டு தன் இடத்தில் நில்லாமை, புகைபோக்கிக் குழாய் தரைத்தகட்டில் தட்டும் ஒலி, குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எழும் அதிர்வு ஆகியன பிற அறிகுறிகள். கடைசியாகக் கூறியது சுழல்தண்டின் கோணம் மாறியதால் வருவது. இதற்காகச் சிலுவை மூட்டுகளை இரண்டு முறை மாற்றி, பின் சுழல்தண்டையே மாற்றி, இறுதியில் சட்டத்திற்கு வந்து சேர்வோர் உண்டு. மூட்டுகளை மாற்றுவதற்கு முன் சட்டத்தைப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

சோதித்தல்

சட்டத்தைக் கழற்றுமுன் பொறியையும் பற்சக்கரப் பெட்டியையும் தனியே தாங்கிப் பிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 150 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளவை. ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அன்று. வண்டி உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் நிற்க வேண்டும். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். பொறியின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் பலகை வைத்துத் தாங்கலாம், வெறும் ஜாக்கித் தலை தொட்டியை நெளித்துவிடும்.

மரையாணிகள் வெளிவரும் விதமே முதற்சோதனை. நேரான சட்டத்தின் ஆணிகள் தளர்த்தியதும் கையோடு வரும். கடைசி ஆணி விடுபடும்போது சட்டம் துள்ளி நகர்ந்தால், அது முறுக்கத்தோடு பூட்டப்பட்டிருந்தது என்று பொருள்.

அடுத்து, சேறும் துருவும் வண்ணமும் நீக்கிய சட்டத்தைச் சமதளத்தில் வைத்துப் பார்ப்பர். வார்ப்பிரும்பு மட்டப்பலகை இல்லாத பட்டறையில் தடித்த கண்ணாடியோ மெருகிட்ட கருங்கல் பலகையோ போதும். ஒரு முனைத் துளையின் நடுவிலிருந்து மறுமுனைத் துளையின் நடுவுக்கு நூல் கட்டினால் பக்கவாட்டு வளைவு தெரியும். முறுக்கத்தைக் காண்பதற்கு இரு முனைகளிலும் குறுக்காக ஒவ்வொரு நேர்விளிம்புக் கோலை வைத்து, ஒன்றன்மேல் மற்றொன்றின் விளிம்பு பொருந்துகிறதா எனக் கண்ணால் நோக்குவர். தச்சர்கள் பலகையின் முறுக்கத்தைப் பார்க்கும் இம்முறை அரை மில்லிமீட்டர் கோணலையும் காட்டிக்கொடுக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. எல்லா வளைவும் பழுதன்று. எண்ணெய்த் தொட்டிக்கோ புகைக்குழாய்க்கோ வழிவிடுவதற்காகத் தொழிற்சாலையிலேயே நடுவில் தாழ்த்திச் செய்யப்பட்ட சட்டங்கள் பல. வளைவு இருபுறமும் சமச்சீராக இருந்து, வண்ணத்திலோ தகட்டிலோ சுருக்கம் இல்லாவிடில், அது வடிவமைப்பாக இருக்கக்கூடும். ஒருபுறம் மட்டும் இருக்கும் வளைவும், ஓரத்தில் நசுங்கலோடு கூடிய வளைவும் பழுதே. மற்றொரு வண்டியின் சட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. ஆனால் அதுவும் ஜாக்கியைத் தாங்கிய சட்டமாக இருக்கலாம் என்பதை மறக்கலாகாது.

விரிசலைக் காண மண்ணெண்ணெயும் சுண்ணக்கட்டிப் பொடியும் போதும். மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று ஊறவிட்டு, நன்கு துடைத்தபின் பொடியைத் தூவினால், விரிசலில் புகுந்த எண்ணெய் மேலே கசிந்து பொடியில் கோடு வரையும். துளைகளின் ஓரமும் பற்றவைப்பின் விளிம்பும் முதலில் பார்க்க வேண்டியவை. துருவின் ஆழத்தை அறியச் சுத்தியலால் தட்டிக் கேட்பர். நல்ல தகடு கணீரென ஒலிக்கும், அரித்த தகடு பொத்தென்று இருக்கும். ஐயம் இருந்தால் கூரிய ஊசியால் குத்திப் பார்க்கலாம். ஊசி இறங்கும் சட்டத்தை நேராக்குவதில் பொருளில்லை.

நேராக்கல்

அழுத்திச் செய்த சட்டங்கள் பெரும்பாலும் குறைகரிம எஃகால் ஆனவை. இவற்றைக் குளிர்நிலையிலேயே நேராக்கலாம். வார்ப்பிரும்பிலும் வார்த்த அலுமினியத்திலும் செய்த தாங்கிகளை நேராக்கவே கூடாது. அவை வளைவதற்குப் பதில் வெடிக்கும்.

எஃகு ஓரளவு வரை வளைத்தாலும் பழைய நிலைக்கே மீளும். எடுத்துக்காட்டாக, 600 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு முனைகளிலும் தாங்கப்பட்ட, 50 மில்லிமீட்டர் உயரமுள்ள சாதாரண எஃகுச் சட்டத்தின் நடுவை அழுத்தினால், ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் வரை அது மீண்டுவிடும். அதற்கு மேல் அழுத்தியதே நிலைக்கும். ஆகவே நேர்நிலையைத் தாண்டி ஏறத்தாழ அதே அளவு கூடுதலாக அழுத்தினால்தான், விட்டவுடன் சட்டம் நேராக வந்து நிற்கும். உயரம் குறைந்த சட்டம் இதைவிட அதிகமாக மீளும். 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டைக்கு இது 7.5 மில்லிமீட்டர் அளவாகும். ஒரே அழுத்தில் முடிக்க முயல்பவர் எதிர்ப்புறம் வளைத்துவிடுவார். எதிர்த்திசையில் வளைக்கும்போது எஃகு முன்னைவிடக் குறைந்த விசையிலேயே விட்டுக்கொடுக்கும் என்பதையும் கருத வேண்டும். சிறிது அழுத்தி, விட்டு, நூல் கட்டி அளந்து, மீண்டும் அழுத்துவதே முறை.

முறுக்கமும் வளைவும் சேர்ந்திருந்தால் முறுக்கத்தை முதலில் எடுப்பது வழக்கம். ஒரு முனையை வைஸில் பிடித்து மறுமுனையில் நீண்ட நெம்புகோலைப் பூட்டித் திருப்புவர். வளைவிற்கு நீரழுத்தப் பிரஸ் சிறந்தது. அது இல்லாத இடத்தில் கனத்த சேனல் இரும்பால் கட்டிய சட்டகத்தினுள் ஜாக்கியை வைத்து அழுத்துவர். பெட்டிச் சட்டத்தின் சுவர் உள்நோக்கி நசுங்காதிருக்க, உள்ளே பொருந்தும் தேக்குக் கட்டையைச் செருகி, வெளியே தடித்த தகடு வைத்து அழுத்த வேண்டும். சம்மட்டியால் அடித்தால் வளைவு போகும், பள்ளம் வரும்.

வெப்பம் கடைசி வழி. பயன்படுத்த நேர்ந்தால் தகடு நன்கு சிவக்கும்வரை காய்ச்சி, அந்நிலையிலேயே வேலையை முடித்து, காற்றில் தானே ஆறவிட வேண்டும். நீர் ஊற்றலாகாது. நிறம் மங்கி நீலம் பாரிக்கும் 200 முதல் 350 பாகை செல்சியசு வரையிலான நிலையில் எஃகு நொறுங்கும் தன்மை பெறுவதால், அப்போது அடிப்பது விரிசலை வரவழைக்கும். இரப்பர், எண்ணெய், எரிபொருள் குழாய் ஆகியவற்றின் அருகில், வண்டியில் பூட்டியபடியே காய்ச்சுவது தீவிபத்துக்கு வழி.

நேராக்கிய பின் விரிசல் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். முன்பில்லாத கோடு ஒன்று இப்போது தோன்றலாம். ஒருமுறை நேராக்கிய இடத்திலேயே மறுமுறையும் வளைந்த சட்டத்தைக் கழித்துவிடுவதே தக்கது.

மாற்றுவதா, நேராக்குவதா

உற்பத்தி நின்ற வண்டிகளுக்குப் புதிய சட்டம் எளிதில் கிடைப்பதில்லை. பழைய இரும்புக் கடையில் கிடைப்பதும் இதே சோதனைகளைக் கடந்தாக வேண்டும். சேனல் இரும்பை வெட்டிப் பற்றவைத்துப் புதிதாகச் செய்துகொள்வோரும் உளர். வலுவுக்குக் குறைவிராது. ஆனால் துளைகளின் உயரம் சிறிது பிசகினாலும் சுழல்தண்டின் கோணம் கெடும்.

பழமையைப் பேணுவோர்க்கு மற்றொரு கருத்தும் உண்டு. 2021 ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதியலாம். வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும், சட்டகம், உடற்கூடு, பொறி ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பது அதன் வரையறை. சென்னையில் செய்யப்பட்ட ஹெரால்டுகள் அனைத்தும் இவ்வயதைக் கடந்துவிட்டன. எனவே விரிசலும் ஆழ்ந்த துருவும் இல்லாத மூலச் சட்டத்தை நேராக்கிப் பயன்படுத்துவதையே இவர்கள் விரும்புகின்றனர்.

மீளப் பூட்டுதல்

புதிய இரப்பர்த் தாங்கிகளோடுதான் சட்டத்தைப் பூட்ட வேண்டும். எல்லா மரையாணிகளையும் விரலால் திருகி ஏற்றிய பின்னரே எதையும் முடுக்கலாம். ஓர் ஆணியை ஏற்றக் கடப்பாறையால் நெம்ப வேண்டியிருந்தால், சட்டமோ அதைத் தாங்கும் தகடோ இன்னும் கோணலாக உள்ளது. ஆணிகள் தளர்ந்திருக்கும்போதே பொறியைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தினால், அது தன் இயல்பான இருக்கையில் அமரும். அதன் பிறகு முழுதாக முடுக்கி, விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து குறித்துக்கொள்வர். கடலோர வண்டிகளில் பெட்டிச் சட்டத்தின் உட்புறம் மெழுகோ கெட்டி எண்ணெயோ பாய்ச்சப்படுகிறது. அப்போது வடிதுளைகள் அடைபடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.