தோட்டக் குளமும் வடிகட்டியும்

காக்ஸ் டவுனின் பழைய வீட்டுத் தோட்டங்களில் சிறு குளம் அமைத்து மீன் வளர்க்கும் நம்மவர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு: குளத்தைத் துப்புரவு செய்தபின் மீன்கள் மடிவானேன்?

வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் பளிச்செனக் கழுவியதே பெரும்பாலும் காரணமாகும். மீன்கழிவில் பிறக்கும் அம்மோனியா என்னும் நஞ்சை, அப்பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. காவிரிக் குழாய்நீரிலுள்ள குளோரின் அவற்றை மாய்த்துவிடும். ஊரில் கிணற்றுநீரையே ஊற்றிப் பழகிய நாம் இதனை எண்ணுவதில்லை. பஞ்சைக் குளத்துநீரிலேயே பிழிதல் வேண்டும். அக்கலங்கல் நீர் ரோஜாச் செடிக்கு நல்லுரம்.

மின்செலவு கருதி இரவில் பம்பை நிறுத்துவதும் தகாது. இருளில் பாசியும் பிராணவாயுவை உட்கொள்ளும். அண்மையிலுள்ள அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தது, கழிவுநீர் கலந்து அவ்வாயு குன்றியதனாலேயே.